டெவின் ஹெஸ்டர்: ரிட்டர்னர், ரிசீவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கும் பலர், டெவின் ஹெஸ்டரின் ஓட்டங்களைக் காணொளியில் பார்த்துவிட்டு ஏறத்தாழ ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். ஆட்டத்தின் அடிப்படை தெரியாதவர்கள் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. ஒரு யார்டு என்பது மூன்று அடி, துணிக்கடையில் சொல்லும் அதே கஜம்.

ரிட்டர்னர்னா யாரு? மேட்ச்ல அவருக்கு என்ன வேலை?

ஓர் அணி பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடி வருபவர் ரிட்டர்னர். அவர் எவ்வளவு தூரம் ஓடுகிறாரோ, அவருடைய அணி அவ்வளவு முன்னாலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும். எதிரணிப் பக்கத்தின் முனையில் உள்ள கோல் கோட்டைக் கடந்தே விட்டால் டச் டவுன், 6 புள்ளிகள்.

தாக்கும் அணி, தடுக்கும் அணி ஆகியவற்றைத் தவிர, பந்து உதைக்கப்படும் தருணங்களுக்கென்றே களமிறங்கும் மூன்றாவது அணியை ஸ்பெஷல் டீம்ஸ் என்பார்கள். ரிட்டர்னர் அதில் ஒருவர். ஆட்டத்துக்கு நான்கைந்து முறைதான் பந்து அவரிடம் வரும். சில ஆட்டங்களில் ஒன்றிரண்டு முறைதான்.

பண்ட், கிக்ஆஃப் ரெண்டுமே உதைக்கிறதுதானே? என்ன வித்தியாசம்?

கிக்ஆஃப் என்பது ஒவ்வொரு பாதி ஆட்டம் தொடங்கும்போதும், ஒவ்வொரு முறை புள்ளி எடுத்த பிறகும் தரையில் வைத்து உதைப்பது. பந்து நீளமாக வரும். ஹெஸ்டர் ஆடிய காலத்தில் உதைக்கும் அணி தொலைவிலிருந்து முழு வேகத்தில் ஓடிவந்து மோதும். ரிட்டர்னருக்குப் பந்தைப் பிடித்து வேகம் எடுக்க இடம் இருக்கும்.

பண்ட் வேறு மாதிரி. ஓர் அணியால் தேவையான 10 யார்டு முன்னேற முடியாதபோது, நான்காவது வாய்ப்பில் பந்தைக் கையிலிருந்து விட்டு உயரமாக உதைத்துத் தள்ளிவிடும். பந்து சுமார் 45 யார்டு தூரம் போகும், நாலரை நொடி காற்றில் நிற்கும். அந்த நாலரை நொடிக்குள் எதிரணியின் வேகமான இரண்டு பேர் ஓடிவந்து ரிட்டர்னரின் மூக்குக்கு நேரே நிற்பார்கள். இவர்களுக்குக் கன்னர் என்று பெயர். மற்றவர்கள் பந்து உதைபடும் வரை, பந்து வைக்கப்பட்டிருந்த கோட்டிலேயே காத்திருக்க வேண்டும். கன்னர்கள் மட்டும் பந்து நகர்ந்த உடனே ஓடலாம். இதனால்தான் பண்ட் ரிட்டர்ன் இரண்டிலும் கடினமானது.

ஹெஸ்டர் எங்கிருந்து வந்தவர்?

ஃப்ளோரிடா மாநிலத்தின் ரிவியரா பீச்சில் 1982 நவம்பர் 4 அன்று பிறந்தவர். மயாமி பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். அங்கே தாக்குதல், தடுப்பு, ரிட்டர்ன் மூன்றிலும் அவரை இறக்கிப் பார்த்தார்கள், தாக்குதலிலோ தடுப்பிலோ நிலையான இடம் அமையவில்லை. 5 அடி 11 அங்குலம், 190 பவுண்டு.

2006 வீரர் தேர்வில் சிகாகோ பேர்ஸ் அணி இரண்டாம் சுற்றில், 57ஆவது ஆளாக அவரை எடுத்தது. பதிவேட்டில் அவர் கார்னர்பேக், அதாவது எறியப்படும் பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவர்களைத் தடுப்பவர். எந்த இடத்தில் ஆடுவார் என்றே தெரியாத ஒருவருக்கு இரண்டாம் சுற்றுத் தேர்வை வீணாக்குகிறார்களே என்று அப்போது பேசினார்கள். ரிட்டர்ன் ஒன்றுக்காகவே அவரை எடுக்கலாம் என்று பேர்ஸ் நம்பியது. தலைமைப் பயிற்சியாளர் லவி ஸ்மித், ஸ்பெஷல் டீம்ஸ் பயிற்சியாளர் டேவ் டாப்.

முதல் வருஷமே பேர் வாங்கிட்டாராமே, அப்படி என்ன செஞ்சார்?

2006 செப்டம்பர் 10, அவருடைய முதல் தொழில்முறை ஆட்டம், கிரீன் பேயில். 84 யார்டு பண்ட் ரிட்டர்ன், டச் டவுன். அந்தப் பருவம் முடியும்போது ரிட்டர்னில் மட்டும் 6 டச் டவுன்: பண்ட்டில் மூன்று, கிக்ஆஃபில் இரண்டு, தவறிய ஃபீல்டு கோலில் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் முயற்சி) ஒன்று. கிக்ஆஃப் இரண்டும் ஒரே ஆட்டத்தில், செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிராக, 94 யார்டும் 96 யார்டும்.

இவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் அக்டோபர் 16, அரிசோனா ஆட்டத்தைப் பாருங்கள். பாதி ஆட்டத்தில் பேர்ஸ் 0–20 என்று பின்தங்கியிருந்தது. தாக்கும் அணி அன்று முழுவதும் ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. தடுப்பு அணி இரண்டு டச் டவுன் எடுத்துக் கொடுக்க, கடைசி சில நிமிடங்களில் ஹெஸ்டர் 83 யார்டு ஓடி 24–23 என்று வெல்ல வைத்தார். ஒரு ரிட்டர்னரால் ஆட்டத்தையே திருப்ப முடியுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

சூப்பர் பௌல்ல முதல் உதையிலேயே டச் டவுன் போட்டாரே, அப்புறம் எப்படித் தோத்தாங்க?

2007 பிப்ரவரி 4, மயாமியில் மழையோடு நடந்த 41ஆவது சூப்பர் பௌல், அதாவது பருவத்தின் இறுதி ஆட்டம். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் உதைத்த முதல் பந்தை 92 யார்டு ஓடி 14 நொடியில் முடித்தார். சூப்பர் பௌலின் தொடக்க உதையே டச் டவுன் ஆனது அந்த ஒரே ஒரு முறைதான்.

அதன் பிறகு கோல்ட்ஸ் பாடம் கற்றுக்கொண்டது. பந்தைத் தாழ்வாகத் தரையில் உருளும்படி உதைத்து, அது வேறு ஆட்களிடமே போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டது. கிக்ஆஃபில் ஹெஸ்டருக்கு இரண்டாவது வாய்ப்பே கிடைக்கவில்லை. 29–17 என்று கோல்ட்ஸ் வென்றது. ரிட்டர்னரின் பலவீனம் இதுதான்: பந்தை அவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது எதிரணியின் கையில் இருக்கிறது. இந்த விஷயம் கீழே மறுபடி வரும்.

பண்ட்டைப் பிடிக்கிறது அவ்வளவு கஷ்டமா? கிரிக்கெட்ல உயரமான கேட்ச் மாதிரிதானே?

கிரிக்கெட் பந்து உருண்டை, எங்கே விழும் என்று ஓரளவு கணிக்கலாம். இந்தப் பந்து இரு முனையும் கூரானது, சுழன்றுகொண்டே வருகிறது. ரிட்டர்னர் முதலில் பார்ப்பது அதன் மூக்கை. உச்சிக்குப் போன பிறகு மூக்கு கீழே திரும்பினால் பந்து நினைத்ததைவிடத் தூரம் போகும், பின்னால் நகர வேண்டும். மூக்கு திரும்பாமல் மேலேயே நின்றால் முன்னாலேயே விழும். இடது காலால் உதைப்பவரின் பந்து எதிர்த்திசையில் சுழலும், பழகிய பக்கத்துக்கு நேர்மாறாக விலகும். அதனால் இடது கால் பண்ட்டரை எதிர்கொள்ளும் வாரத்தில் அணிகள் அதற்கென்றே ஓர் இடது கால் ஆளை வரவழைத்துப் பயிற்சி எடுப்பதுண்டு.

பிடிக்கும்போது முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், உள்ளங்கை மேல்நோக்கி, பந்து நெஞ்சுக்குக் கீழே வந்து அமர வேண்டும். கையை நீட்டிப் பிடிப்பதும், பிடிப்பதற்கு முன்பே கண்ணை எடுத்துக் கன்னரைப் பார்ப்பதும்தான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு: ஒரு பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுத்ததைப் பிடிப்பது, பிறகு இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதைப் பிடிப்பது, இப்படியே ஏற்றிக்கொண்டு போவது. கை நீளாமல் உடம்பே பந்துக்கு அடியில் போய் நிற்கப் பழகிவிடும்.

சில சமயம் கையைத் தூக்கி ஆட்டிட்டு, பிடிச்சதும் ஓடாம நிக்கிறாரே, ஏன்?

அது ஃபேர் கேட்ச். ஒரு கையை முழுதாகத் தலைக்கு மேல் நீட்டிப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘நான் ஓட மாட்டேன், என்னைத் தொடாதே’ என்று பொருள். பிறகு எதிரணி மோதினால் 15 யார்டு தண்டனை. ரிட்டர்னரும் ஓடக்கூடாது. கையை அரைகுறையாகத் தூக்கினால் அது செல்லாது, அதற்கு 5 யார்டு தண்டனை.

எப்போது ஆட்டுவது என்பதுதான் கலை. பந்து காற்றில் இருக்கும்போதே ஒரே ஒரு முறை கன்னர்கள் எங்கே என்று பார்த்துவிட்டு, மறுபடி பந்துக்குக் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு பழைய விதியும் உண்டு: குதிகாலைத் தன் அணியின் 10 யார்டு கோட்டில் வைத்துக்கொள், பந்து தலைக்கு மேலே போனால் பின்னால் போகாதே, விட்டுவிடு. அது கோல் கோட்டைத் தாண்டிப் போனால் டச்பேக் ஆகி, பந்து 20 யார்டு கோட்டுக்கு வந்துவிடும்.

பந்து பக்கத்துல விழுந்து உருளுது, எடுக்காம விலகி ஓடறாரே? நஷ்டம் இல்லையா?

எடுக்கப்போய்த் தவறவிட்டால் வரும் நஷ்டம் பெரியது. பிடிக்காமல் கையில் பட்டு நழுவினால் அது மஃப். உடனே பந்து இரு அணிக்கும் பொது, உதைத்த அணி எடுத்துக்கொண்டால் பந்து அவர்களுக்கே. மஃப் ஆன பந்தை எடுத்தவர்கள் அதை வைத்துக்கொண்டு ஓட முடியாது, எடுத்த இடத்திலிருந்து ஆட வேண்டும். பிடித்து, கட்டுப்பாட்டில் வந்த பிறகு தவறவிட்டால் அது ஃபம்பிள், அப்போது எடுத்தவர் ஓடவும் செய்யலாம்.

தொடாமல் இருந்தால் மட்டும் போதாது. தன் அணியின் இன்னொருவர் காலில் பந்து பட்டாலும் இதே கதிதான். அதனால்தான் ரிட்டர்னர் ‘பீட்டர்!’ அல்லது ‘பாய்சன்!’ என்று கத்திக்கொண்டே விலகுவார். பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தடுத்துக்கொண்டிருக்கும் தோழர்களுக்கு, தள்ளிப்போங்கள் என்பதற்கான குறிச்சொல் அது.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. உருளும் பண்ட்டை உதைத்த அணிக்காரர் முதலில் தொட்டுவிட்டார், ஆனால் பந்து இன்னும் நிற்கவில்லை என்றால், ரிட்டர்னர் அதை எடுத்துக்கொண்டு ஓடலாம். இடையில் எந்தத் தண்டனையும் இல்லாதவரை, ஓடித் தவறவிட்டாலும் எதிரணி முதலில் தொட்ட இடத்திலேயே பந்து கிடைக்கும். இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஓட்டம் அது.

ஓட ஆரம்பிச்சதும் எந்தப் பக்கம் போறதுன்னு அவரே முடிவு பண்றாரா?

பாதி முன்பே முடிவானது. வலம், இடம், நடு என்று ஒரு திட்டத்தோடுதான் இறங்குவார்கள், தடுப்பவர்கள் அந்தப் பக்கம் சுவர் மாதிரி அமைவார்கள். முதலில் வரும் ஆளை ரிட்டர்னர் தானே ஏய்க்க வேண்டும், அவருக்கென்று தடுப்பவர் கிடையாது. அதற்குப் பிறகுள்ளவர்களைத் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஹெஸ்டரின் ஓட்டங்களை மெதுவாக ஓட விட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். அவர் குறுக்கே நிறைய ஓடுவதில்லை. இரண்டு மூன்று அடி ஒரு பக்கம் சாய்ந்து, எதிராளியின் இடுப்பைத் திருப்ப வைத்து, ஒரே வெட்டில் நேராகப் பாய்வார். வெட்டும் அந்த நொடியிலும் அவருடைய வேகம் குறையாது. வேகமானவர்கள் எத்தனையோ பேர் உண்டு, வேகம் இழக்காமல் திசை மாறுபவர் அரிது.

டச் டவுன் போட்ட பிறகு மஞ்சள் துணி விழுந்து எல்லாம் ரத்தாகுதே, அது ஏன் ரிட்டர்ன்ல மட்டும் அடிக்கடி நடக்குது?

மஞ்சள் துணி என்பது விதிமீறலைக் காட்ட நடுவர் எறிவது. ரிட்டர்னில் எல்லோரும் திறந்த வெளியில், முழு வேகத்தில் ஓடுகிறார்கள். தடுக்க வேண்டியவர் அரை அடி பின்தங்கினாலே, முதுகில் தள்ளுவதோ சட்டையைப் பிடித்து இழுப்பதோதான் மிச்சம். இரண்டுக்கும் 10 யார்டு தண்டனை. அதுவும் தவறு நடந்த இடத்திலிருந்து கணக்கு என்பதால் பின்னால் நடந்த தவறு முழு ஓட்டத்தையும் விழுங்கிவிடும்.

ஹெஸ்டரின் கடைசி ஆட்டமே இதற்கு வேதனையான உதாரணம். 2017 ஜனவரி 14, சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்காக, தன் பழைய அணியான அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு எதிராக 80 யார்டு பண்ட் ரிட்டர்ன் ஓடினார். பந்து அட்லாண்டாவின் 7 யார்டு கோட்டில் இருந்திருக்க வேண்டும். தோழர் ஒருவர் இழுத்துப் பிடித்ததால் சியாட்டில் தன் சொந்த 7 யார்டு கோட்டிலிருந்து தொடங்கியது. அங்கே தன் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கப்பட்டு 2 புள்ளிகளையும் கொடுத்து, ஆட்டத்தை 20–36 என்று இழந்தது.

108 யார்டு ரிட்டர்னாமே? மைதானமே 100 யார்டுதானே?

கோட்டுக்குக் கோடு 100 யார்டு. இரு பக்கமும் 10 யார்டு ஆழத்தில் எண்ட் ஸோன் உண்டு. எதிரணியின் ஃபீல்டு கோல் உதை கம்பம் வரை எட்டாமல் எண்ட் ஸோனுக்குள் விழுந்தால், அதைப் பிடித்து ஓடலாம். 2006 நவம்பர் 12, நியூயார்க் ஜயண்ட்ஸ் 52 யார்டு தூரத்திலிருந்து உதைத்தது எட்டவில்லை. 8 யார்டு உள்ளே நின்ற ஹெஸ்டர் அதைப் பிடித்து, ஆட்டம் முடிந்ததுபோல இரண்டு அடி மெதுவாக நடந்து, பிறகு பாய்ந்தார்.

அந்த முடிவில் இருந்த துணிச்சலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபீல்டு கோல் தூரத்தில் எண்ட் ஸோனின் 10 யார்டும் சேர்த்தி, ஆகவே உதைத்த இடம் பேர்ஸின் 42 யார்டு கோடு. அவர் பேசாமல் விட்டிருந்தால் பந்து அந்த 42இல் கிடைத்திருக்கும். ஓடி 15 யார்டில் மாட்டியிருந்தால் 27 யார்டு நஷ்டம். ஆனால் ஃபீல்டு கோலுக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் கனத்த உடம்புக்காரர்கள், துரத்துவதற்கு ஏற்றவர்கள் அல்லர். அதற்கு முந்தைய ஆண்டு இதே பேர்ஸ் அணியின் நேதன் வாஷர் இதேபோல் 108 யார்டு ஓடியிருந்தார். 2007இல் சான் டியேகோவின் அன்டோனியோ க்ரோமார்ட்டி 109 ஓடினார்.

அவர்கிட்ட உதைக்கவே மாட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். 2007இல் பல அணிகள் பண்ட்டைப் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே அடித்தன. கிக்ஆஃபைக் குட்டையாகவோ உருளும்படியோ உதைத்தன. கிக்ஆஃப் நேராக வெளியே போனால் பந்து 40 யார்டு கோட்டில் கிடைக்கும். அதாவது ஹெஸ்டர் வெறுமனே நின்றதற்கே பேர்ஸ் நல்ல இடத்திலிருந்து தொடங்கியது. அந்த யார்டுகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் பெயரில் ஏறவில்லை. அவருடைய எண்களைப் படிக்கும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பர் 25 அன்று டென்வர் ப்ராங்கோஸ் துணிந்து அவரிடமே உதைத்தது. 75 யார்டு பண்ட் ரிட்டர்ன், 88 யார்டு கிக்ஆஃப் ரிட்டர்ன், இரண்டும் டச் டவுன். கூடுதல் நேரத்தில் 37–34 என்று பேர்ஸ் வென்றது. 2007இலும் மொத்தம் 6 ரிட்டர்ன் டச் டவுன்.

தடுப்பாட்டக்காரரை எதுக்கு ரிசீவர் ஆக்கினாங்க?

மேலே சொன்ன பலவீனத்துக்கு மருந்தாகத்தான். எதிரணி பந்தைக் கொடுக்க மறுத்தால், நம் அணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கே கொடுக்கட்டும் என்ற எண்ணம். 2007இல் அவரை ரிசீவர் ஆக்கினார்கள். கார்னர்பேக்காக வாங்கிய 23ஆம் எண் சட்டையே தொடர்ந்தது. அன்றைய விதிப்படி ரிசீவர்களுக்கு 10–19, 80–89 எண்கள்தான். இடையில் இடம் மாறியவர் என்பதால் பழைய எண் நிலைத்தது.

ரிசீவரா அவர் நல்லா ஆடினாரா இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

பரவாயில்லை, முதல்தரம் அல்ல. வாழ்நாள் கணக்கு 255 பிடிகள், 3,311 யார்டு, 16 டச் டவுன். மிகச் சிறந்த ஆண்டு 2009: 57 பிடிகள், 757 யார்டு. எந்த ஆண்டும் 1,000 யார்டைத் தொடவில்லை.

ரிசீவர் வேலை வேகத்தால் மட்டும் நடப்பதில்லை. ஒவ்வொரு ஓட்டப் பாதையிலும் இத்தனையாவது அடியில் திரும்பு என்று கணக்கு உண்டு, குவார்ட்டர்பேக் நீங்கள் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவார். ஓர் அடி பிந்தினால் பந்து எதிரணியின் கைக்குப் போகும். எதிரே உள்ள தடுப்பு அமைப்பைப் பார்த்து, ஓடும்போதே பாதையை மாற்றவும் வேண்டும். ரிட்டர்னரின் இயல்பு இதற்கு நேர்மாறானது, காலியிடம் கண்ட இடத்தில் பாய்வது. கல்லூரியில் இந்த ஒழுங்கை ஆண்டுக்கணக்கில் பழகாமல் 25 வயதை நெருங்கும்போது தொடங்கிய ஒருவர் 255 பிடிகள் எடுத்ததைக் குறைவாக எண்ண முடியாது. அவரை அணியின் முதன்மை ரிசீவராக எதிர்பார்த்ததுதான் தவறு. மூன்றாவது ரிசீவராக, எதிரணி ஆட்களை விரித்து இழுக்கும் ஆளாக வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

2008, 2009 ரெண்டு வருஷமும் ஒரு ரிட்டர்ன் டச் டவுன்கூட இல்லையே? வேகம் போயிடுச்சா?

வேகம் போகவில்லை. 2007இல் ஒரு பண்ட் ரிட்டர்னுக்கு 15.5 யார்டு என்றிருந்த சராசரி 2008இல் 6.2 ஆனது, 2009இல் 7.8. இந்த இரண்டு ஆண்டும்தான் அவர் ரிசீவராக மிக அதிகம் ஆடியவை: 51 பிடிகளும் 57 பிடிகளும். ஒவ்வொரு பாதையிலும் முழு வேகத்தில் 20, 30 யார்டு ஓடிவிட்டு, மூச்சு வாங்க நேரமில்லாமல் பண்ட் பிடிக்கப் போய் நிற்பதாக இருந்தது. வாரத்தின் பயிற்சி நேரமும் பாதை படிப்பதிலேயே போயிற்று.

2010இல் சுமை மாறியது. பிடிகள் 40 ஆகக் குறைந்தன. பண்ட் சராசரி 17.1க்கு ஏறியது, மூன்று டச் டவுன். தடுப்பவர்கள் மாறியது, எதிரணிகள் மறுபடி அவரிடம் உதைக்கத் தொடங்கியது போன்ற காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் களைப்பின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் அந்த இரண்டு பருவங்களும் ஒரு நடுத்தர ரிசீவருக்காக உலகின் மிகச் சிறந்த ரிட்டர்னரை அடகு வைத்த பருவங்கள் என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஒரு இடத்துல 19 டச் டவுன்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 20, வேற இடத்துல 21. எது சரி?

மூன்றும் சரி, எண்ணும் முறைதான் வேறு. பண்ட் 14, கிக்ஆஃப் 5, ஆக 19. தவறிய ஃபீல்டு கோல் ஓட்டத்தைச் சேர்த்தால் 20. இது வழக்கமான பருவத்துக்கான அதிகாரப்பூர்வச் சாதனை. சூப்பர் பௌல் ஓட்டத்தையும் சேர்த்தால் 21, ஆனால் பிந்தைய சுற்று ஆட்டங்கள் பருவக் கணக்கில் சேர்வதில்லை.

முன்னாள் கார்னர்பேக் டியான் சாண்டர்ஸின் 19 என்ற சாதனையை அவர் முந்தியது 2014 செப்டம்பர் 18 அன்று, அட்லாண்டாவுக்காக, டாம்பா பேக்கு எதிரான 62 யார்டு பண்ட் ரிட்டர்னில். சாண்டர்ஸின் 19இல் எதிரணி எறிந்த பந்தைப் பறித்து ஓடியவையும் அடக்கம். ஹெஸ்டரின் 20உம் உதைத்த பந்திலிருந்து வந்தவை. பண்ட்டில் மட்டும் 10 என்ற எரிக் மெட்கால்ஃபின் சாதனையை அவர் 2011லேயே தாண்டிவிட்டார்.

பேர்ஸ் ஏன் அவரை விட்டுட்டாங்க?

2012 முடிவில் லவி ஸ்மித் நீக்கப்பட்டார், டேவ் டாப் கேன்சஸ் சிட்டிக்குப் போனார். 2013இல் புதிய பயிற்சியாளர் மார்க் ட்ரெஸ்ட்மன் அவரை ரிட்டர்னுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு ஒரு பிடிகூட இல்லை, கிக்ஆஃப் ரிட்டர்னிலோ 1,436 யார்டு. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

2014இல் அட்லாண்டாவில் மறுபடி ரிசீவராகவும் 38 பிடிகள், 504 யார்டு. மேலே சொன்ன மூன்றாவது ரிசீவர் வேலைக்கு அவர் எவ்வளவு பொருந்தியவர் என்பதற்கு இதுவே சாட்சி. 2015இல் கால் பெருவிரல் காயம், 5 ஆட்டம்தான். ஒரே வெட்டில் திரும்புபவருக்குப் பெருவிரல்தான் அச்சாணி, அது போனால் எல்லாம் போனது மாதிரி. 2016இல் பால்டிமோர் ரேவன்ஸ், பிறகு சியாட்டிலில் இரண்டு ஆட்டம். 2017 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார்.

இப்போ கிக்ஆஃப் விதியே மாறிடுச்சே, அவர் இன்னைக்கு ஆடியிருந்தா?

முதல் அடி 2011இல் விழுந்தது. உதைக்கும் இடத்தை 30இலிருந்து 35 யார்டுக்கு முன்னால் நகர்த்தினார்கள். ஆறில் ஒன்றாக இருந்த டச்பேக் ஐந்தில் இரண்டுக்கு மேல் ஆனது. கிக்ஆஃப் ரிட்டர்னரின் வாய்ப்புகள் அப்படியே சுருங்கின.

2024இல் வந்த புதிய முறையில் உதைப்பவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் நிற்கிறார்கள். தடுப்பவர்கள் சில யார்டு தள்ளி எதிரே நிற்கிறார்கள். பந்து பிடிபடும் வரை அல்லது தரையில் படும் வரை யாரும் நகரக்கூடாது. பந்து 20 யார்டு கோட்டுக்கும் எண்ட் ஸோனுக்கும் இடையே விழ வேண்டும். நேராக எண்ட் ஸோனுக்குள் அடித்தால் பந்து 30இல் கிடைக்கும், 2025 முதல் 35இல். தொலைவிலிருந்து ஓடிவந்து மோதுவது ஒழிந்ததால் காயம் குறையும், ரிட்டர்ன் கூடும் என்பது நோக்கம். எதிரே நிற்கும் சுவரில் ஒரு சந்து தெரிந்ததும் ஒரே வெட்டில் பாய்பவருக்கே இது சாதகம், ஹெஸ்டர் பாணி ஆட்டக்காரருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. பண்ட் விதியில் இப்படிப்பட்ட மாற்றம் எதுவும் இல்லை.

ரிட்டர்ன் மட்டும் தெரிஞ்சா அணியில இடம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. ஓர் அணியில் 53 பேர், ஆட்ட நாளில் சட்டை போடுபவர்கள் 48 பேர் வரைதான். ஆட்டத்துக்கு நான்கு முறை பந்து தொடும் ஒருவருக்காக ஓர் இடத்தை ஒதுக்க அணிகள் யோசிக்கும். அதனால் நான்காவது, ஐந்தாவது ரிசீவராகவோ கூடுதல் கார்னர்பேக்காகவோ இருந்துகொண்டே ரிட்டர்னும் செய்பவரைத்தான் தேடுவார்கள். கடைசி ரிசீவர் இடத்துக்கு இருவர் போட்டியிட்டால், பண்ட்டைப் பத்திரமாகப் பிடிப்பவர் பக்கமே தராசு சாயும்.

புதியவருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025இல் 8,40,000 டாலர். ஆறு ஆட்டங்களாவது முழுச் சம்பளத்தில் அணியில் இருந்தால்தான் அந்தப் பருவம் ஒப்பந்த உரிமைக் கணக்கில் சேரும், அப்படி நான்கு சேர்ந்தால் ஒப்பந்தம் முடிந்ததும் விருப்பமான அணிக்குப் போகலாம். முதல் ஆண்டு ரிட்டர்னர்களைப் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்புவது மஃப்தான். யார்டு குறைந்ததைப் பயிற்சியாளர் பொறுப்பார், பந்தைத் தொலைத்ததைப் பொறுக்க மாட்டார்.

ஹால் ஆஃப் ஃபேம் கிடைக்க மூணு வருஷம் ஆனது ஏன்?

ஹால் ஆஃப் ஃபேம் என்பது மிகச் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் மன்றம். ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டு காத்திருப்பு முடிந்து, 2022இல் முதன்முறை தகுதி பெற்றார். 2022, 2023 இரண்டிலும் இறுதிப் பட்டியல் வரை வந்து நின்றுபோனது. எதிர்த்தவர்களின் வாதம் இது: 156 ஆட்டங்களில் 315 பண்ட், 295 கிக்ஆஃப் ரிட்டர்ன்தான், ஆட்டத்துக்கு நான்குகூட இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் 60 முறை களத்தில் நிற்பவருக்கு இணையாக இவரை வைப்பதா?

உதைப்பவர்களும் இதே சுவரில் மோதியவர்கள்தான். முழுநேர உதையாளர் யான் ஸ்டெனரூட் 1991இல் நுழைந்தார், முழுநேர பண்ட்டர் ரே கை 2014 வரை காத்திருந்தார். நான்கு தடவைதான் தொட்டார் என்று எண்ணுபவர்கள், எதிரணி கொடுக்க மறுத்த பந்துகளையும் அதனால் பேர்ஸுக்குக் கிடைத்த இடங்களையும் எண்ணவில்லை. ஒருவர் களத்தில் நிற்கிறார் என்பதற்காகவே எதிரணி தன் உதையைக் கெடுத்துக்கொள்கிறது என்றால், அதைவிடப் பெரிய மரியாதை விளையாட்டில் ஏது? 2024 ஆகஸ்டு 3 அன்று ஒஹையோவின் கேன்டனில், முதன்மையாக ரிட்டர்னராக ஆடி அந்த மன்றத்தில் நுழைந்த முதல் ஆள் ஆனார் ஹெஸ்டர்.

அவர் ரெக்கார்டை யாராவது உடைப்பாங்களா?

கிக்ஆஃப் டச் டவுனில் அவர் முதலிடம் இல்லை. கார்டரெல் பேட்டர்சன் 9 எடுத்திருக்கிறார். மொத்த ரிட்டர்ன் யார்டில் பிரையன் மிட்செல் 19,013 என்று எட்டாத உயரத்தில் இருக்கிறார், ஹெஸ்டர் 11,028.

ஆனால் பண்ட்டில் 14 டச் டவுன் என்பது வேறு. அவருக்கு அது 22 அல்லது 23 ரிட்டர்னுக்கு ஒன்று என்ற கணக்கு. இன்றைய பண்ட்டர்கள் தூரத்தைவிட உயரத்தையும் ஓரத்தையும் குறிவைத்து உதைக்கிறார்கள், ஃபேர் கேட்ச் ஆகும் பண்ட்டுகள் நிறைய. நான்காவது வாய்ப்பில் பண்ட் அடிக்காமல் துணிந்து ஆடும் அணிகளும் கூடிவிட்டன. அவரை எட்ட வேண்டுமானால் ஒருவர் 300க்கு மேல் பண்ட் ரிட்டர்ன் ஓட வேண்டும், அதற்குள் அவரைப் பார்த்து எதிரணிகள் பயந்துவிடவும் கூடாது.